ஜீப் ஹீட் ஆகிறதா? முதலில் ‘எப்போது’ என்று கேளுங்கள்!

பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தார்.

‘எங்கள் வீட்டில் 1990-களில் வாங்கிய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ். கறிக்கோழிப் பண்ணைக்குத் தீவன மூட்டை ஏற்றுவது முதல் குலதெய்வம் கோயிலுக்குப் போவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். அப்பாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. வேறு வண்டியை அவர் தொடவே மாட்டார். ஒன்றரை வருடமாக இன்ஜின் ஹீட் ஆகிறது. மூன்று பட்டறை பார்த்தாயிற்று. ஒருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றினார். மூன்றாமவர், ‘இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்’ என்கிறார். அவர் சொல்லும் தொகையைக் கேட்டுவிட்டு, ‘வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுடலாம்’ என்கிறார் அண்ணன். அப்பா இரண்டு நாளாக யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என்ன செய்யட்டும்?’

இந்த வாரம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். காரணம், இதே கேள்வி வால்பாறை எஸ்டேட்டிலிருந்தும் வரும், கொல்லிமலையிலிருந்தும் வரும். பழைய ஜீப் வைத்திருக்கும் யாருக்கும் இது பொது.

1947-ல் அமெரிக்க வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது மஹிந்திரா. அந்த வரிசையில் பின்னால் வந்த எம்எம் 540 போன்ற வண்டிகளில் 2,112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கூட்டம் கிடையாது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான கோளாறுகளைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். சூலூர் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்ட ஆரம்பித்தார். அப்போதிருந்தே வண்டியைப் பிரித்துப் பார்த்துப் பழகிய மண் இது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜீப் ஒன்றரை வருடம் ஹீட் ஆகிறது என்றால், பார்த்தவர்களுக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்ஜின் எப்படி ஆறுகிறது?

நீங்கள் ஊற்றும் டீசலில் இருக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. சுமாராக மூன்றில் ஒரு பங்கு வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சப் பங்கு இன்ஜினின் இரும்பில் சூடாக இறங்குகிறது. அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் கூலிங் சிஸ்டத்தின் வேலை.

இன்ஜினுக்குள் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. வாட்டர் பம்ப் அதைத் தள்ளுகிறது. இன்ஜின் போதிய அளவு சூடானதும், பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி, தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிறது. அங்கே மெல்லிய குழாய்கள் வழியாகத் தண்ணீர் இறங்கும்போது, ஃபேன் இழுக்கும் காற்று அதைக் குளிரவைக்கிறது. ஆறிய தண்ணீர் மறுபடி இன்ஜினுக்குள் போகிறது.

இதில் எல்லோரும் அலட்சியம் செய்யும் ஒரு பொருள் உண்டு. ரேடியேட்டர் மூடி! அதை வெறும் மூடி என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டு பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலையை அது செய்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி இருந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரும் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வாஷர் வெடித்துப்போயிருந்தால், 100 டிகிரியிலேயே கொதித்து வழிந்துவிடும்.

மலைக்குப் போனால் இது இன்னும் முக்கியம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் அரிசி வேக நேரமாகிறது என்று சொல்வதற்கும், ஏறிப்போன ஜீப் அங்கே ஆவி விடுவதற்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே யாராவது பெரிய செலவு சொல்வதற்கு முன்னால், சில நூறு ரூபாய்க்கு ஒரு புது மூடி மாற்றிப் பாருங்கள். அதே அழுத்த அளவுள்ள மூடியாக இருக்கட்டும். ‘பவர் கூடுதலா இருக்கட்டுமே’ என்று அதிக அழுத்த மூடி போட்டால், பழைய ரேடியேட்டரின் பற்றவைத்த மூட்டுகள் விட்டுப்போகும்.

எந்த பார்ட்ஸ் என்று கேட்காதீர்கள்… எப்போது என்று கேளுங்கள்

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் முதலில் என்ன கேட்பார்? ‘எப்போ வருது? சாயங்காலம் மட்டுமா, குளிரோடவா?’ வண்டிக்கும் அப்படித்தான். ஹீட் ஆகும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

1. நின்றால் ஹீட், ஓடினால் சரி: பல்லடம் நாலு ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது முள் ஏறுகிறது. திருச்சி ரோட்டில் 60-ல் போனால் இறங்கிவிடுகிறது. இது காற்றுப் பிரச்னை. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானாகப் புகுந்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபேன் இறக்கை உடைந்திருக்கிறதா, திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா, ஃபேனைச் சுற்றி இருக்கும் கவர் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ஓடினால் ஹீட், நின்றால் சரி: இது தண்ணீர்ப் பிரச்னை. வேகமாகப் போகும்போது இன்ஜின் தரும் சூட்டை ரேடியேட்டரால் கழிக்க முடியவில்லை. உள்ளே குழாய்கள் உப்பால் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். ரேடியேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் கீழ் ஹோஸ் பழசாகி, ரேஸ் கொடுக்கும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகலாம். இதைப் பார்க்க ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் தள்ளி நின்று ஹோஸைக் கவனித்தால் போதும்.

3. ஏற்றத்தில் மட்டும் ஹீட்: ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. வண்டி மெதுவாகப் போகும், இன்ஜின் முழு வேலை செய்யும், எதிர்க்காற்று குறைவு. ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்திருந்தாலும் இங்கே காட்டிக்கொடுத்துவிடும். கூடவே கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா, டீசல் பம்ப் டைமிங் சரியா என்றும் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி இறங்கியதும் நாலு வீலுக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒரு வீல் மட்டும் அடுப்பு மாதிரி அனல் வீசினால், அங்கே பிரேக் இழுக்கிறது.

4. ஸ்டார்ட் செய்து சில நிமிடத்திலேயே ஹீட்: தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் குறைவாக இருக்கலாம். தண்ணீர் மாற்றியபோது உள்ளே காற்று அடைத்திருக்கலாம். இவை மூன்றும் இல்லை என்றால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

5. முள் மட்டும் ஹீட்: மீட்டர் சிவப்பைக் காட்டும், ஆவியும் இல்லை, வாடையும் இல்லை, தண்ணீரும் குறையவில்லை. பழைய வண்டியில் மீட்டரே பொய் சொல்லும். எர்த் ஒயர் துருப்பிடித்தாலும் முள் தாறுமாறாக ஆடும். எட்ட நின்று சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பல பட்டறைகளில் இப்போது இருக்கிறது. தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் காட்டி அளக்கச் சொல்லுங்கள்.

ஜீப்புக்கு வந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு!

மெயிலில் போன் நம்பர் இருந்ததால் வாசகியை அழைத்தேன். ‘எப்போதும்மா ஹீட் ஆகுது?’ என்று கேட்டதும், ‘இருங்க சார், அப்பாகிட்டயே குடுக்கறனுங்க’ என்று போனைக் கொடுத்துவிட்டார்.

‘சொல்லுங்கய்யா, எப்பங்க ஏறுது முள்ளு?’

‘முன்னெல்லாம் மலை ஏறினாத்தானுங்க காயும். இங்க உள்ளூர்ல ஒண்ணும் பண்ணாதுங்க. இப்ப அப்படியில்லீங்க. தோட்டத்துல மூட்டை எறக்கற வரைக்கும் சும்மா ஓடிட்டு நின்னாலே சர்ருனு ஏறிப்போகுது.’

‘அது எப்ப மாறுச்சுங்க?’

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: ‘ரேடியேட்டரு மாத்தினமுங்களே… அதுக்கப்புறந்தானுங்க.’

ஒன்றரை வருடக் குழப்பத்துக்கு அந்த ஒரு வரியில் விடை இருந்தது. முதலில் வந்தது மலையில் மட்டும் வரும் ஹீட். அதற்குக் காரணம் உள்ளே அடைத்த பழைய ரேடியேட்டர். அதை மாற்றியது சரிதான். ஆனால், மாற்றிய பிறகு நின்றால் வரும் ஹீட் ஆரம்பித்திருக்கிறது. அது வேறு நோய். இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்ததால்தான், ‘ரேடியேட்டர் மாத்தியும் சரியாகலை, அப்போ இன்ஜின்தான்’ என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

‘ஃபேனைச் சுத்தி ஒரு தகரக் கவர் இருக்குமுங்களே, அது இருக்குதுங்களா?’ என்று கேட்டேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றார். புது ரேடியேட்டர் பழையதைவிடச் சற்றுப் பெரியது. பழைய கவர் அதில் உட்காரவில்லை. எனவே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அது தீவன ரூமில் மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.

ஷ்ரவுட் என்று சொல்லப்படும் அந்தக் கவர் அழகுக்கு அல்ல. அது இருந்தால்தான் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பு வழியாகவும் காற்றை இழுக்கும். இல்லையென்றால், ஃபேனுக்கு நேரே இருக்கும் வட்டத்தில் மட்டும் காற்று வரும். போதாததற்கு, இன்ஜினிலிருந்து வரும் அனல் காற்றையே ஃபேன் திரும்பத் திரும்பச் சுற்றவிடும்.

நீங்களே சோதிக்கலாம். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது, முன் கிரில்லுக்கு முன்னால் ஒரு பழைய பேப்பரைப் பிடியுங்கள். ஃபேன் நன்றாக இழுத்தால் பேப்பர் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மட்டும் ஒட்டி, ஓரங்களில் படபடத்தால் கவர் இல்லை அல்லது சரியாக இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். துண்டு, துப்பட்டா, சேலை முந்தானை எதுவும் ஓடும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

புது ரேடியேட்டர் அளவுக்கு ஒரு தகரக் கவர் மடித்துத் தர ஒரு பட்டறைக்காரருக்கு அரை நாள் வேலை. ஃபேன் இறக்கையின் பாதி கவருக்குள்ளும், பாதி வெளியேயும் இருக்கும்படி பொருத்தச் சொன்னேன். பெல்ட்டையும் இழுத்துக் கட்டினார்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை இன்ச் அளவுக்குத்தான் அமுங்க வேண்டும். பத்து நாள் கழித்து அப்பாவே கூப்பிட்டார். ‘நிறுத்தி வெச்சு மூட்டையெல்லாம் எறக்கியாச்சுங்க. முள்ளு பாதியத் தாண்டலீங்க.’ இன்ஜினை இறக்கும் பேச்சு அதோடு நின்றது. இரும்புக் கடைப் பேச்சும்தான்.

உப்புத் தண்ணி, பஞ்சு, நார்த்தூள்

சரி, முதல் ரேடியேட்டர் ஏன் அடைத்தது? இதுதான் நம் ஊர்ப் பிரச்னை.

பல்லடம், திருப்பூர், அவிநாசி சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் நல்ல தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு. போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெந்நீர் போடும் ஹீட்டர் ராடைப் பாருங்கள். சில மாதங்களிலேயே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கொள்ளும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடான இடத்தில் படிவதால் வருவது அது. அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் சிலிண்டர் சுவர்களிலும் படியும். அந்தப் படலம் ஒரு கம்பளி மாதிரி. இரும்பின் சூடு தண்ணீருக்கு இறங்காமல் தடுத்துவிடும்.

பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் தண்ணீர் தேவலாமே என்பார்கள். அதில் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் வண்டல் இருக்கும். ரேடியேட்டருக்கு ஏற்றது டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்ற கேனில் விற்பார்களே, அதுவேதான். அதோடு கூலன்ட்டைச் சரிபாதியாகக் கலக்கலாம். அல்லது கலந்தே வரும் கூலன்ட்டை அப்படியே ஊற்றலாம். குளிர் இல்லாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும், கொதிநிலையையும் சில டிகிரி உயர்த்தும்.

கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு வகை கூலன்ட்டைக் கலந்தால், சில நேரம் கூழ் மாதிரி திரிந்து குழாயை அடைக்கும். பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் அதற்கு ஏற்றதா என்று லேபிளில் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், ஆனால் கடுமையான விஷம். வடித்த கூலன்ட்டைத் திறந்த பக்கெட்டில் வைத்தால் நாயும் கோழியும் குடித்துவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

பழைய செம்பு ரேடியேட்டர் அடைத்திருந்தால் உடனே தூக்கிப் போட வேண்டாம். ரேடியேட்டர் கடையில் மேல்தொட்டியைப் பிரித்து, குழாய்களுக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து திரும்பப் பற்றவைப்பார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புதுவகை ரேடியேட்டரில் இது முடியாது. வீட்டில் இருக்கும் ஆசிட்டை ஊற்றிச் சுத்தம் செய்கிற வேலை எந்த ரேடியேட்டருக்கும் வேண்டாம்.

உள்ளே உப்பு என்றால், வெளியே பஞ்சு. தறிக் குடோன் பக்கமும் நூல் மில் பக்கமும் நிற்கும் வண்டிகளின் ரேடியேட்டரில் பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்னைநார் தூள், கோழி இறகு, கோடையில் மண் புழுதி எல்லாம் அதோடு சேர்ந்து தகடுகளுக்கு இடையில் மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். வந்த வழியே குப்பை வெளியேறும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டக் கொண்டுபோய் அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்று வழியும் போய்விடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

‘நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குங்க?’ என்று கழற்றி எறிவது பல வருடப் பழக்கம். இது தப்பு. இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும். டீசல் கூடுதலாகச் செலவாகும், ஆயில் சீக்கிரம் கெடும், சிலிண்டர் தேயும்.

இன்னொன்றும் உண்டு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் என்ற குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டைக் குறைக்கக் கழற்றிய பொருளாலேயே ஹீட் கூடும்!

தெர்மோஸ்டாட் நல்லதா, கெட்டதா என்று பார்ப்பது சுலபம். பழைய டப்பா ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே எத்தனை டிகிரி என்று பொறித்திருக்கும். தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வரும்போது திறக்க ஆரம்பித்தால் நல்லது. கொதித்த பிறகும் திறக்காவிட்டால் மாற்றுங்கள். கூலன்ட் பட்ட பொருள் என்பதால் சமையல் பாத்திரம் வேண்டாம்.

ஃபோர் வீல் டிரைவ் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்க ஃபோர் வீல் போட்டுவிட்டு, தார் ரோட்டுக்கு வந்த பிறகும் எடுக்க மறந்துவிடுவது நடக்கும். பழைய ஜீப்புகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் அப்போது இறுக்கமாகப் பிணைந்திருக்கும். காய்ந்த தார் ரோட்டில், வளைவில் முன் சக்கரங்கள் ஓட வேண்டிய தூரமும் பின் சக்கரங்கள் ஓட வேண்டிய தூரமும் வேறு வேறு. ஒன்றை ஒன்று இழுத்து மல்லுக்கட்டும். கியர் பாக்ஸுக்கும் கேடு, இன்ஜினுக்கும் தேவையில்லாத சுமை. லோ ரேஞ்சில் நீண்ட தூரம் போனாலும் இன்ஜின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், காற்று கிடைக்காது.

அடுத்தது அலங்காரம். கிரில்லுக்கு முன்னால் நாலு ஃபாக் லைட், பெரிய ஹார்ன், கம்பெனி போர்டு, பம்பரில் ஸ்டெப்னி என்று மாட்டினால், காற்று எந்த வழியாக வரும்?

இரண்டாம் உலகப் போரில், 1942 வாக்கில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ் படையினர் வில்லிஸ் ஜீப்புகளை ஓட்டினார்கள். அந்த வெயிலில் அவர்கள் செய்தது இதற்கு நேர் எதிரானது. கூடுதல் காற்றுக்காக முன் கிரில்லின் கம்பிகளில் பலவற்றை வெட்டி எடுத்தார்கள். முன்பக்கம் ஒரு சிறிய தொட்டியை மாட்டி, ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் ஆவியை அதில் பிடித்துத் திரும்பத் தண்ணீராக்கினார்கள். பாலைவனத்தில் குடிக்கவே தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். ஆவியாகப் போகும் ஒவ்வொரு சொட்டும் நஷ்டம். இன்று வண்டிகளில் ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்கும் வழியும் தண்ணீரைப் பிடித்துவைத்து, ஆறியதும் திருப்பிக் கொடுக்கிறது. அந்த டேங்கின் சின்ன ஹோஸ் வெடித்திருந்தால், ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்ஜினைத் திறக்க வேண்டிய நேரம் எது?

சில நேரம் மெக்கானிக் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டால் இன்ஜினைத் திறக்காமல் வழியில்லை. அதற்கான அடையாளங்கள் இவை:

வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, ஆனால் தண்ணீர் தினமும் குறைகிறது. ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறது. இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை. காலையில் ஆறிய வண்டியை, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால், ரேடியேட்டரில் குமிழி குமிழியாக விடாமல் வருகிறது. ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது.

இவற்றில் ஒன்றாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டினால் ஹெட் வளையும், வெடிக்கும். ஒன்றுகூட இல்லாதபோது, ‘இறக்கித்தான் பார்க்கணும்’ என்று யாராவது சொன்னால், ‘எதை வெச்சுச் சொல்றீங்க?’ என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்; காரணத்தைக் காட்டுவார்.

வழியில் முள் ஏறினால்…

முள் சிவப்பை நெருங்கும்போதே ஏசி இருந்தால் அணையுங்கள். கேபின் ஹீட்டர் இருக்கும் வண்டி என்றால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்க்கும்தான், ஆனால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் வெளியேறும். ஓரங்கட்டி, ஆவி இல்லையென்றால் ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். முள் இறங்காவிட்டாலோ, ஆவி வந்தாலோ உடனே ஆஃப் செய்யுங்கள்.

சிவப்பில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீரே தீர்ந்து, மீட்டரின் சென்சார் காற்றில் நிற்கலாம். அதுதான் மிக ஆபத்தான நிலை.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் கொதிக்கக் காத்திருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் முகத்துக்குப் பீறிட்டு வரும். கண் போயிருக்கிறது, முகம் வெந்திருக்கிறது. குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் துணி சுற்றி அழுத்திப் பாருங்கள். இறுக்கம் முழுதாக விட்ட பிறகு, மூடி மேல் ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகுங்கள். சத்தம் அடங்கிய பிறகு மீதி.

அனலாக இருக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். இன்ஜின் ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் சரிதான். வீட்டுக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு நல்லது நிரப்புங்கள். மலை ஏறும்போது ஐந்து லிட்டர் தண்ணீர் கேனும், ஒரு ஸ்பேர் ஃபேன் பெல்ட்டும் வண்டியில் இருக்கட்டும். உச்சிக்குப் போனதும் உடனே ஆஃப் செய்யாமல், இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எழுதும்போது இதையும் எழுதுங்கள்

ஜீப்பின் டேஷ்போர்டுக்குள் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். ஹீட் ஆன ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் குறியுங்கள்: நின்றபோதா, ஓடியபோதா, ஏற்றத்திலா, ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம் கழித்து, எவ்வளவு தண்ணீர் குறைந்தது, அதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள். நாலாவதை மறக்காதீர்கள். புதுக் கோளாறு பல நேரம் பழைய ரிப்பேரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

பட்டறைக்குப் போகும்போது, ‘ஹீட் ஆகுதுங்க’ என்று சொல்லி நிறுத்தாமல், அந்த நோட்டைக் காட்டுங்கள். இந்தப் பகுதிக்கு எழுதும்போதும் அந்த நாலு வரியைச் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த வாரம், மலை இறங்கும்போது பிரேக் ஏன் மக்கர் பண்ணுகிறது என்று பார்க்கலாம்.